வாய்வா, மாரடைப்பா?

தாம்பரத்தில் எங்க தெருவில் யாருக்கு நெஞ்சு கனத்தாலும் முதலில் வருவது சோடாதான். "வாய்வுப்பா, ஏப்பம் வந்தா சரியாயிடும்." நெஞ்சு அழுத்தத்தோடு குப்பென்று வியர்த்து, வலி தாடைக்கோ இடது கைக்கோ பரவினால் ஏப்பத்துக்குக் காத்திருக்கக் கூடாது. பெண்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் வலி பெரிதாக இல்லாமல் மூச்சுவாங்கலும் அசதியும் மட்டும் வரலாம். அம்மாவோட அசதியை எந்த வீட்டில் கணக்கில் எடுக்கிறார்கள்?

அடைப்பு நீடிக்கும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை சாகிறது. அதற்காகத்தான் 2023-ல் தமிழக அரசு 'இதயம் காப்போம்' திட்டத்தைத் தொடங்கியது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8 என்று 14 மாத்திரை கொடுக்கிறார்கள். நாமே வாங்கிப் போடும் மருந்தில்லை இது. ரத்தக்கட்டி பெருகாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். அடைப்பை எடுக்கப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும். பைக்கில் பின்னால் உட்கார வைத்து ஜி.எஸ்.டி. ரோடு டிராஃபிக்கில் நுழையாதீங்க, 108-ஐக் கூப்பிடுங்க.