பச்சைக் கிட்டாரா, நீலக் கிட்டாரா?

குழந்தைகளே, உங்கள் வீட்டில் வெயில் படுகிற சுவரில் பழைய காலண்டர் ஏதாவது தொங்குகிறதா? இருந்தால் கிட்டே போய்ப் பாருங்கள். முருகனின் சிவப்புப் பட்டு, மஞ்சள் மாலை, பச்சை மலை எல்லாமே நீலம் பாய்ந்து கிடக்கும். அச்சடித்தபோது அப்படியா இருந்தது? இல்லை. எங்கள் சிவகாசி ஆப்செட் அச்சகங்களில் வண்ணப் படங்களை நீலம், மெஜந்தா என்ற ஒருவகைச் சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளால்தான் அச்சடிக்கிறார்கள். வெயிலில் மஞ்சளும் மெஜந்தாவும் முதலில் வெளுத்துவிடும். நீலமும் கறுப்பும் மிஞ்சும்.

சாயம் போவது எல்லோருக்கும் தெரியும். ஆனால், யாரும் பூசாமலே ஒரு பொருளின் மேல் சாயம் ஏறுமா? ஏறும்! அதற்கு ஒரு கிட்டார் கதை சொல்கிறேன்.

என் நண்பர் ஒருவர் மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவர். விருதுநகர் பங்குனிப் பொங்கல், சிவகாசி சித்திரைப் பொங்கல் என்று பல திருவிழா மேடைகள் ஏறியவர். பேஸ் கிட்டார் என்றால் தெரியுமா? பெரும்பாலும் நான்கே கம்பிகள். தடித்த கம்பிகள். குரலும் நல்ல கட்டைக்குரல். இளையராஜா இசையமைத்த பாட்டு ஒன்றைப் போட்டு, பாடுகிறவரை விட்டுவிட்டு, அடியில் 'தும், தும்' என்று நடந்து போகிற ஒலியை மட்டும் கவனியுங்கள். அதுதான் பேஸ்.

நண்பர் காலமாகிச் சில வருடங்கள் கழித்து ஒருநாள் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவருடைய மகன் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். இப்போது அச்சகத்தில் மெஷின்மேன். பரணிலிருந்து இறக்கிய கிட்டாரைக் காட்டினான்.

"பாப்பா, தாத்தா கிட்டார் வேணும்னு கேக்குறா சார். பாருங்க, பாசி புடிச்ச மாதிரி பச்சையா இருக்கு. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சிட்டு, காருக்குப் பெயிண்ட் அடிக்கிற பட்டறையில குடுத்து சிவப்பு அடிச்சிரலாம்னு இருக்கேன்."

உள்ளேயிருந்து அவன் அம்மாவின் குரல் வந்தது. "பச்சையா? அது நீலம்டா. உங்கப்பா மெட்ராசுல இருந்து வாங்கிட்டு வந்தப்ப வானம் மாதிரி இருந்துச்சு."

"வருஷக்கணக்கா இதையேதான் சார் சொல்றாங்க. கண்ணுல புரை விழுந்ததுல இருந்து இப்படித்தான்" என்று அவன் சிரித்தான். அந்த அம்மா அதற்குமேல் பேசவில்லை.

யார் சொன்னது சரி? கொஞ்சம் பொறுங்கள். கார் பெயிண்ட் என்றானே, அங்கேதான் ஒரு வேடிக்கை இருக்கிறது.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் லியோ பெண்டர் என்பவர் இருந்தார். அவருடைய தொழிற்சாலை 1951இல் 'பிரிசிஷன் பேஸ்' என்ற மின்சார பேஸ் கிட்டாரை வெளியிட்டது. அதுவரை பேஸ் வாசிக்க ஆள் உயரத்துக்கு நிற்கும் பெரிய வயலின் போன்ற வாத்தியத்தைத்தான் தூக்கி அலைந்தார்கள். முதலில் வந்த பேஸ் கிட்டார்கள் மரம் தெரியும் வெளிர் மஞ்சள். பிறகு நடுவில் மஞ்சளும் ஓரத்தில் கருமையுமாக 'சன்பர்ஸ்ட்' வந்தது. வேறு நிறம் கேட்டால், விலையில் நூற்றுக்கு ஐந்து கூடுதலாகக் கொடுக்க வேண்டும். அந்த நிறங்களுக்கு எந்தப் பெயிண்ட் தெரியுமா? கார் பெயிண்டேதான்! டூபாண்ட் கம்பெனி கார்களுக்காகத் தயாரித்தது.

'பியஸ்டா ரெட்' என்பது 1956 போர்டு தண்டர்பேர்டு காரின் நிறம். பழுத்த தக்காளியில் துளி ஆரஞ்சு சேர்த்தாற்போல இருக்கும். 'லேக் பிளாசிட் புளூ' 1958 காடிலாக் காரின் நிறம், வெள்ளித்தூள் மினுங்கும் நீலம். எனக்குப் பிடித்தது 'சானிக் புளூ'. வெள்ளை வேட்டிக்குச் சொட்டு நீலம் கொஞ்சம் கூடிப்போனால் எப்படியிருக்கும், அதே நிறம்.

வண்ணத்தின் மேல் பளபளப்புக்காக நிறமில்லாத ஒரு பூச்சு பூசுவார்கள். அந்தக் காலத்தில் அதற்கு அதிகம் பயன்பட்டது நைட்ரோ செல்லுலோஸ் லாக்கர். பருத்தி நாரை அமிலங்களோடு வினைபுரிய வைத்துச் செய்வது. இதே இனத்தில் வீரியம் கூடிய ஒன்று வெடிபஞ்சு. புகையில்லாத வெடிமருந்து செய்ய உதவுவது. கரிசல் பருத்தியும் பட்டாசும் விளையும் நம் ஊருக்கு இந்த லாக்கர் ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

இந்த அண்ணனிடம் ஒரு குணம். வயதாக ஆக, வெளிச்சம் பட்டுப்பட்டு, மஞ்சளாகிவிடுவார். இப்போது ஒரு சோதனை. நீலத்தாள் ஒன்றின் மேல் மஞ்சள் கண்ணாடித்தாளை வைத்துப் பாருங்கள். என்ன தெரிகிறது? பச்சை! அப்படித்தான் பழைய நீலக் கிட்டார்கள் பச்சையாகவும், வெள்ளைக் கிட்டார்கள் நெய் நிறமாகவும் மாறி நிற்கின்றன.

காலண்டர் போலச் சாயம் போனவையும் உண்டு. 1958இல் சன்பர்ஸ்டில் சிவப்பையும் சேர்த்தார்கள். முதல் இரண்டு வருடத்துச் சிவப்பு வெயிலைத் தாங்கவில்லை. அந்தக் கிட்டார்கள் பலவற்றில் சிவப்பு இருந்த சுவடே இல்லை.

அப்படியானால் உண்மையான நிறத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? வெளிச்சம் போகாத இடத்தைத் தேட வேண்டும். கம்பிகளுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் தகடு திருகாணியால் பொருத்தியிருக்கும். அதன் அடியில் பார்ப்பார்கள். கடைகளில் ரூபாய் நோட்டு சோதிக்கும் புற ஊதா விளக்கையும் பயன்படுத்துவார்கள். பழைய லாக்கர் அதில் பசுமஞ்சளாக ஒளிரும். பின்னாளில் வேறு பெயிண்ட் அடித்த இடம் வேறு மாதிரி தெரியும். அப்படி அடித்துவிட்ட பழைய கிட்டாரின் விலை வெகுவாகக் குறைந்துவிடும்.

சரி, நண்பர் வீட்டுக்கு வருவோம். எந்தக் கம்பெனிக் கிட்டார் என்று தெரியவில்லை, எழுத்து தேய்ந்துவிட்டது. "தேய்க்கிறதுக்கு முன்னாடி அந்தத் தகட்டைக் கழற்றிப் பாரப்பா" என்றேன். ஒன்பது திருகாணிகள். இரண்டு துருப்பிடித்து வர மறுத்தன. தேங்காய் எண்ணெய் விட்டுக் காத்திருந்தோம்.

தகடு வந்தது. அதன் அடியில், தகட்டின் வடிவத்திலேயே, பளிச்சென்று வானநீலம்.

அவன் வாய் திறக்கவில்லை. விரலால் பச்சையையும் நீலத்தையும் மாறிமாறித் தொட்டான். பிறகு, "நீலத்து மேல மஞ்சள் ஏறியிருக்கு சார். தினமும் மெஷின்ல இதத்தானே பாக்குறேன், எனக்குத் தோணலையே" என்றான். கிட்டாரை அப்படியே தூக்கிக்கொண்டு அம்மாவிடம் போனான்.

அந்த அம்மா முகத்தை ரொம்பக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"ஏம்மா, மன்னிச்சிரும்மா" என்றான் அவன்.

"அதை விடு. புள்ளைக்கு வாசிக்கக் கத்துக்குடுக்க ஆள் பாரு" என்றார் அவர்.

சிவப்புப் பெயிண்ட் அடிக்கவில்லை. பேத்தி இப்போது 'தும், தும்' என்று பழகுகிறாள். தகட்டைத் திரும்ப மாட்டவே கூடாதாம், அப்பத்தாவின் நீலம் மறைந்துவிடுமாம். ஒன்பது திருகாணிகளும் ஒரு தீப்பெட்டிக்குள் பத்திரமாக இருக்கின்றன.