அம்மாவிடமும் கேளுங்கள், ரீச்சர்

பெற்றோர் கூட்டங்களில் சில தாய்மார் கடைசி வாங்கில்தான் போய் இருப்பார்கள். பிள்ளையின் பெயரை வாசித்ததும் எழும்பி முன்னே வருவார்கள். வகுப்பாசிரியர் கொப்பியைத் திறந்து காட்டுவார். சொல்வதெழுதலில் ‘படம்’ ‘பம்’ ஆகியிருக்கும், ‘மரம்’ ‘மம்’ ஆகியிருக்கும். பக்கம் முழுக்கச் சிவப்பு வட்டம். “இவனுக்கு ஒண்டும் ஏறுதில்லை. வீட்டில என்ன செய்யிறியள்?” தாய் பதில் சொல்லமாட்டார். கையெழுத்துப் போட்டுவிட்டு வெளிக்கிட்டுவிடுவார்.

அந்தத் தாயின் வயதைக் கணக்குப் பாருங்கள். வன்னியில் போர் முடிந்த 2009 மே மாதம் 12 வயதாக இருந்தவர் இன்று ஆரம்ப வகுப்புப் பிள்ளையின் தாய். கிளிநொச்சியிலிருந்து தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று ஓடிய சனத்தோடு ஓடியவர். பிறகு செட்டிகுளம் மெனிக் பாம். அந்த முகாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரில்தான். தறப்பாளுக்குக் கீழே விட்ட இடத்திலிருந்து படிப்பைப் பிடித்தவர்களும் உண்டு, விட்டது விட்டதுதான் என்று போனவர்களும் உண்டு. இவர்களிடம் பாடசாலை ஒரு படிவத்தை நீட்டினால் கை கூசத்தான் செய்யும். அதை அக்கறையின்மை என்று எழுதி வைப்பது பெரிய அநியாயம்.

பிள்ளைக்குக் கற்றல் இடர்பாடு உண்டா, என்ன வகை, எதனால் என்று கண்டுபிடிக்கிற வேலையில் பாதி வீட்டில்தான் இருக்கிறது. மாலையில் பட்டிக்கு வரும் மாடுகளில் எது குறைகிறது என்று பார்த்த உடனே சொல்கிற பிள்ளைக்கு ‘மண்டையில ஏறாது’ என்று எப்படிச் சொல்வது? அவனுடைய சிக்கல் எழுத்தோடு மட்டும் இருக்கலாம். ரீவியை எப்போதும் சத்தமாக வைக்கிறானா, அடிக்கடி காதில் சீழ் வடிந்ததா, காய்ச்சலில் வலிப்பு வந்ததா, எப்போது பேசத் தொடங்கினான் என்பதெல்லாம் அம்மாவுக்கோ அம்மம்மாவுக்கோதான் தெரியும். காது சரியாகக் கேளாத பிள்ளையைக் கவனமில்லாத பிள்ளை என்று வருடக்கணக்காகக் கடைசி வாங்கில் இருத்திவிடலாம். ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும், ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கலாம்.

தகப்பனிடமும் கேட்கவேண்டும். “எனக்கும் எழுத்து ஓடாது சேர்” என்று ஒருவர் சொன்னால் அது முக்கியமான தகவல். வாசிப்பு இடர்பாடு குடும்பவழியாக வருவதுண்டு. ஆனால் வன்னியில் இங்கேதான் சிக்கல். அவருக்கு எழுத்து ஓடாதது பிறப்பிலிருந்தா, பங்கருக்குள் போன வருடங்களாலா? அவருக்கே தெரியாது. ஆறுதலாக இருந்து கதைத்தால்தான் பிரித்தறியலாம். முதலாம் வகுப்பிலேயே, சண்டைக்கு முன்னமே தடுமாறினாரா என்று கேட்கலாம். எந்தச் சோதனைத்தாளிலும் இந்தக் கேள்வி இருக்காது.

மொழியும் இருக்கிறது. 1958, 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் வன்னியெங்கும் உண்டு. வீட்டில் ‘பேசுறது’ என்று பழகிய பிள்ளையிடம் “கதைச்சுக் காட்டு” என்றால், முதல் வாரத்தில் அது கதை சொல்லவா என்று முழிக்கும். அதற்கும் புள்ளி குறைத்தால், நாம் அளந்தது பிள்ளையின் அறிவையா, ஊர்ப்பேச்சையா?

போர் பாதித்த மாகாணங்களில் 420 மாணவரிடம் நடத்திய ஓர் ஆய்வு 2009இல் வெளியானது. நாலில் ஒரு பங்கினருக்கு நெருக்கீட்டுக்குப் பிந்திய மனவடுக் கோளாறு இருந்ததையும், அது ஞாபகத்தையும் படிப்பையும் தாக்கியதையும் அது காட்டியது. அந்தத் தலைமுறைதான் இன்று பெற்றோர். மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் வன்னியைப் பற்றி எழுதியபோது, தனிமனிதரோடு குடும்பமும் சமூகமும் சேர்ந்தே காயப்பட்டதைக் கூட்டு மனவடு என்றார். காயம் குடும்பத்தில் என்றால், பிள்ளையை மட்டும் தனியே கூப்பிட்டு அளந்து என்ன காணப்போகிறோம்?

அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டுச் சட்டம், பிள்ளைக்கான தனிக் கல்வித்திட்டத்தை வகுக்கும் மேசையில் பெற்றோருக்கும் கதிரை போட்டது. இங்கே இலங்கையில் 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணம் காட்டிக் கல்வியை மறுக்கக்கூடாது என்கிறது. தரம் 1இல் விளையாட்டுகள் மூலம் பிள்ளையை இனங்காணும் ஏற்பாடும் இருக்கிறது. அதற்குள் பெற்றோரைச் சேர்க்கப் புதுச் சட்டம் தேவையில்லை.

பெரிய செலவுமில்லை. பிள்ளையைச் சேர்க்கும்போது பிறப்புச் சான்றிதழோடு பிள்ளை சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டையும் கொண்டுவரச் சொல்லலாம். பிறந்த நிறை, தடுப்பூசி, வளர்ச்சி எல்லாம் அதில் இருக்கிறது. வீட்டில் பெட்டிக்குள் சும்மா கிடக்கிறது. அம்மா விடியப்புறம் ஆடைத்தொழிற்சாலை பஸ் ஏறுபவர் என்றால், ஞாயிற்றுக்கிழமை ஒரு அரைமணித்தியாலம் ஒதுக்கலாம். படிவத்தை அவர் கையில் கொடுக்காமல், கேட்டு எழுதலாம். யாழ்ப்பாணத்திலிருந்து நெடுந்தூரம் பஸ்ஸில் வந்துபோகும் ஆசிரியருக்கு இது மேலதிகப் பாரம்தான், மறுக்கவில்லை. வலயக் கல்வி அலுவலகம் அந்த அரைமணித்தியாலத்தை நேரசூசிக்குள் கொண்டுவந்தால் பாரம் குறையும்.

ரீச்சர், சேர், அடுத்த கூட்டத்தில் அந்தச் சிவப்புக் கொப்பியைத் திறக்க முதல், கடைசி வாங்கில் இருக்கும் அம்மாவை முன்னுக்குக் கூப்பிட்டு, “பிள்ளைக்கு வீட்டில என்ன நல்லாச் செய்யத் தெரியும்?” என்று கேளுங்கள். அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள்.