"சுவிட்ச அடைச்சாச்சு" என்றால் போதாது



தீபாவளி நெருங்கினால் வீட்டுக்குச் சாயம் அடிப்போம், பழைய டியூப் லைட்டைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. விளக்கு மாட்டுவோம். அந்தச் சமயத்தில் சிகிச்சை அறைக்கு இரண்டு விதமான ஆட்கள் வருவார்கள். மேசை மேல் நாற்காலி போட்டு ஏறி விழுந்தவர்கள் ஒரு விதம். கரண்ட் அடித்தவர்கள் மற்றொரு விதம். கரண்ட் அடித்தவரைக் கேட்டால் சொல்வது ஒன்றே: "சுவிட்சத்தான் அடைச்சிட்டேனே டிரஸர் ஐயா!"

விஷயமே அங்கேதான் இருக்கிறது. சுவரில் உள்ள சுவிட்சு ஒரே ஒரு வயரைத்தான் துண்டிக்கும். அது சிவப்பு வயராக இருக்க வேண்டும். யாரோ அவசரத்தில் கறுப்பு வயரில் சுவிட்சை வைத்துப் பூட்டியிருந்தால், விளக்கு அணையும். ஆனால் கூரையில் தொங்கும் வயரில் மின்சாரம் அப்படியே நிற்கும். பழைய லயத்து வீடுகளில் எத்தனை கை பட்ட வயரோ, யார் கண்டது? ஆகவே மெயின் சுவிட்சையே அடைக்க வேண்டும். பிள்ளைகள் "டிவி ஓடலையே" என்று போய்த் தட்டிவிடாமல் ஒரு பெரிய ஆள் அங்கே காவல் நிற்கட்டும்.

டெஸ்ட் பேனா இருந்தால், மெயினை அடைக்கும் முன் கரண்ட் உள்ள பிளக்கில் வைத்து அது எரிகிறதா என்று பாருங்கள். பிறகு மெயினை அடைத்துவிட்டுக் கூரை வயர்களில் ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். கெட்டுப்போன பேனா எல்லா வயரையும் நல்ல வயர் என்றுதான் சொல்லும்.

நிறத்திலும் ஒரு வம்பு உண்டு. நம் நாட்டில் வீட்டு வயரிங் சிவப்பு, கறுப்பு, பச்சை. கடையில் வாங்கும் புது விளக்கிலோ பழுப்பு, நீலம், பச்சை-மஞ்சள். பழுப்பு சிவப்போடும், நீலம் கறுப்போடும், பச்சை-மஞ்சள் பச்சையோடும் சேர வேண்டும். மூன்று பேஸ் கரண்ட் உள்ள கட்டிடத்தில் கூரையில் வரும் நீல வயரே கரண்ட் வயராக இருக்கலாம். நீலத்துக்கு நீலம் என்று முறுக்கினால் ஆபத்து. இரும்புச் சட்டம் உள்ள விளக்குக்குப் பச்சை வயரை வெட்டி ஒதுக்கவே கூடாது.

உண்மையைச் சொன்னால் இது லைசென்ஸ் உள்ள வயர்மேன் செய்கிற வேலை. எஸ்டேட் வீடாக இருந்தால் ஆபீஸில் எழுதிக் கொடுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். நாள் கடத்தினால் தலைவரிடம் காட்டலாம்.

"ஒரு பல்பு கரண்ட் என்ன செய்துவிடும்?" என்பார்கள். 40 வாட் பல்பில் ஓடுவது சுமார் 170 மில்லி ஆம்பியர். உடம்பில் 10 மில்லி ஆம்பியர் அளவில் ஓடினாலே கை இறுகிக்கொள்ளும், வயரை விட முடியாது. 30 அளவில் மூச்சுத் திணறும். 50, 100 என்று போனால் இதயம் தாளம் தப்பி நின்றுவிடும். "வீட்டில் இ.எல்.சி.பி. இருக்கிறதே" என்றும் நம்பிவிடாதீர்கள். வீடு முழுமைக்கும் பொதுவாக வைப்பது 100 மில்லி ஆம்பியர் வகை. இரண்டு வயரையும் சேர்த்துத் தொட்டால் அது விழாமலே இருக்கலாம்.

கரண்ட் அடித்து ஒருவர் ஒட்டிக்கொண்டால், அவரைத் தொடாதீர்கள். மெயினை அடையுங்கள். முடியாவிட்டால் காய்ந்த கட்டை, பிளாஸ்டிக் நாற்காலி இப்படி ஒன்றால் தள்ளி விடுங்கள். மூச்சில்லை என்றால் 999 கூப்பிட்டுவிட்டு, நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து 5 சென்டிமீட்டர் ஆழம் அமுக்குங்கள், நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை. தோட்டத்துக்குள் ஆம்புலன்ஸ் வந்து சேர நேரமாகும். இரண்டு நிமிஷத்துக்கு ஒருவராக மாறி மாறிச் செய்யுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றுவது, கை கால் தேய்ப்பது, இதெல்லாம் வேண்டாம்.

எழுந்து உட்கார்ந்து "ஒண்ணுமில்ல" என்பவரையும் விட்டுவிடாதீர்கள். தோலில் சின்னப் புள்ளி மாதிரித்தான் தீக்காயம் தெரியும். உள்ளே தசை வெந்திருக்கும். காயத்தில் 20 நிமிஷம் குழாய்த் தண்ணீர் ஓடட்டும். கிச்சாப், பற்பசை பூச வேண்டாம். மயங்கி விழுந்தவர், நெஞ்சு வலிக்கிறது என்பவர், கர்ப்பிணிப் பெண், இவர்களை அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மறுநாள் சிறுநீர் கறுப்புக் காப்பி நிறத்தில் போனாலும் உடனே போக வேண்டும். வெந்த தசையின் கழிவு சிறுநீரகத்தை அடைக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.