ஒற்றைக் கையில் சீட்டு வித்தை!

வீட்டில் பையன் சீட்டுக்கட்டை எடுத்தால் பதறாதீர்கள். காசு வைத்து ஆடுவது வேறு. இது விரல் வித்தை. ‘சார்லியர் கட்’ என்று பெயர்.

சீட்டுக்கட்டை ஒரே கையில், உள்ளங்கையில் படாமல் விரல்நுனிகளால் பிடியுங்கள். கட்டைவிரலைச் சற்றே தளர்த்துங்கள். கீழ்ப்பாதி உள்ளங்கையில் விழும். அதன் ஓரத்தை ஆள்காட்டி விரலால் கட்டைவிரலை நோக்கித் தள்ளி நிமிர்த்துங்கள். மேல்பாதி நழுவிக் கீழே இறங்கும், மூடுங்கள். அவ்வளவுதான்! 52 சீட்டும் கைக்கு அடங்கலையா? 26 போதும்.

ராயபுரத்திலும் எண்ணூரிலும் பகலெல்லாம் கயிறும் இரும்பும் பிடித்த கைகள், ராத்திரி மணிக்கணக்கில் இதைப் பழகினால் கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டோரம் வலிக்கலாம். அங்கே தசைநாணின் உறை தடிப்பதை 1895-லேயே டி குவர்வெய்ன் என்ற சுவிஸ் மருத்துவர் விவரித்திருக்கிறார். ‘பழகப் பழகச் சரியாயிடும்’ என்று விடாதீர்கள். எண்ணெய் தடவிக்கொண்டே பழகுவதும் தப்பு. ஓய்வுதான் முதல் மருந்து. வலி நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தினம் ஐந்து நிமிஷம் போதும். வித்தை மெதுவாக வரட்டும். சோறு போடுகிற கை அது!