சாம்பலுக்கும் ஜாதி உண்டோ?

புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசலுக்குச் செல்வோர் வழியில் சித்தன்னவாசல் குன்றைக் காண்பர். அங்குள்ள சமணக் குடைவரையையும் அதன் சித்திரங்களையும் பார்த்து வியப்பதற்காக எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வருகின்றனர். ஆனால், அக்குன்றைச் சுற்றிலும் அன்னவாசற் பொட்டல்களிலும் வட்டமாக நாட்டிய கற்களையும், கற்பலகைகளால் அமைந்த அறைகளையும், மண்ணிற் புதைந்த தாழிகளையும் நின்று நோக்குவோர் மிகச் சிலரே. அவை ஈராயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட நம் முன்னோரின் ஈமக்காடுகள். இறந்தோரின் எலும்புகளைத் திரட்டி, மட்கலங்களையும் இரும்புக் கருவிகளையும் உடன் வைத்து, தாழியில் இட்டு மூடினர் அவர்கள். இறந்தவனுக்கு ஓர் இடம் வேண்டும், இருப்பவன் சென்று நிற்பதற்கு ஓர் அடையாளம் வேண்டும் என்பதை நம் நாட்டார் எவரிடமும் கற்றுக்கொள்ளவில்லை.

இதனை நாம் இங்கு நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. கிறிஸ்தவ ஆலயங்கள் தம் சபையாரின் தேகங்களைத் தகனம் செய்தபின் எஞ்சும் அஸ்தியை வைப்பதற்கு மாடங்கள் அமைத்துத் தரும் வழக்கம் பல தேசங்களில் பரவிவருகிறது. சுவரில் வரிசை வரிசையாகச் சிறு அறைகள். அறைக்கு ஒரு கலம். முகப்பில் ஒரு பெயர், இரண்டு தேதிகள். பண்டை ரோமாபுரியில் இத்தகைய மாடங்களைப் புறாக்கூடு என்னும் பொருள்படும் சொல்லால் அழைத்தனர். பார்வைக்கும் அப்படியே இருக்கும். இது மேனாட்டாரின் புதுமை, நமக்கு இதில் என்ன இருக்கிறது என்று வாசகர் சிலர் கேட்கக்கூடும். நமக்கு இதில் நிறையவே இருக்கிறது என்பதே நமது அபிப்பிராயம்.

முதலாவதாக, தகனமோ அடக்கமோ ஏதாவதொன்றே தமிழர் வழக்கம் என்று சாதிப்போர் மணிமேகலையைத் திறந்து பார்ப்பாராக. சக்கரவாளக் கோட்டத்தைப் பற்றிய காதையில், எரிப்பது, வெளியே இட்டுவிடுவது, குழி தோண்டிப் புதைப்பது, கல்லறையுள் அடைப்பது, தாழியிற் கவிப்பது என்னும் ஐவகை முறைகளையும் ஒருசேரக் கூறுகிறார் சாத்தனார். ஒரே நகரத்துச் சுடுகாட்டில் ஐந்து முறைகளும் அருகருகே நிகழ்ந்தன. ஒருவரையொருவர் குறை கூறியதாக அங்கே காணோம். ஆகவே, கிறிஸ்தவர் எரித்தால் மதம் கெட்டது என்பதும், புதைத்தால் தேசியம் கெட்டது என்பதும் வெறும் வீண் பேச்சு.

கிறிஸ்தவ சபைகளின் சரித்திரத்திலும் இவ்விஷயம் ஒரே நிலையில் நின்றதில்லை. கத்தோலிக்க சபை 1886ல் தகனத்தை விலக்கி ஆணை பிறப்பித்தது. மறுமையில் நம்பிக்கையில்லாதோர் அக்காலத்தில் ஐரோப்பாவில் தகனத்தையே தம் கொள்கைக்குக் கொடியாக உயர்த்திப் பிடித்தது அதற்கு ஒரு முக்கிய காரணமாகும். 1963ல் அத்தடை தளர்ந்தது. தேகத்தை எரிப்பது ஆன்மாவைத் தீண்டாது, உயிர்த்தெழச் செய்யும் கடவுளின் வல்லமைக்கு அது தடையாகாது என்று ரோமாபுரி அப்போது தெளிவுபடுத்தியது. 1983ஆம் ஆண்டின் சபைச் சட்டமும் இதனை உறுதி செய்தது. அடக்கம் செய்வதே மேலானது, ஆயினும் தகனம் குற்றமன்று என்பது இன்றைய நிலை. சீர்திருத்த சபைகளிலோ இத்தகைய தடை நீங்கிப் பல காலம் ஆயிற்று. காண்டர்பரி அத்தியட்சராக விளங்கிய வில்லியம் டெம்பிள் 1944ல் காலமானபோது அவர் தேகம் தகனம் செய்யப்பட்டு, அஸ்தி அப்பேராலயத்திலேயே வைக்கப்பட்டது.

ஆனால், அனுமதி தந்த கத்தோலிக்க சபை ஒரு நிபந்தனையையும் விதித்தது. 2016ல் வெளியான அறிக்கையில், அஸ்தியை வீட்டில் வைத்துக்கொள்ளலாகாது, காற்றிலோ நீரிலோ தூவலாகாது, உறவினர் பங்கிட்டுக்கொள்ளலாகாது, ஆலயம் அல்லது கல்லறைத் தோட்டம் போன்ற புனிதமான இடத்திலேயே வைக்கவேண்டும் என்று கூறிற்று. இறந்தவன் அவன் வீட்டாருக்கு மட்டும் உரியவனல்லன், சபை முழுமைக்கும் உரியவன் என்பதே இதன் கருத்து. மாடம் அமைக்கும் பொறுப்பு ஆலயத்தின்மீது விழுவதும் இதனால்தான். எரிக்கலாம் என்று சொல்லிவிட்டு, சாம்பலுக்கு இடமில்லை என்று கைவிரிப்பது நியாயமாகாது.

நிலம் குறுகிய ஊர்களில் இத்தேவை எத்துணை விரைவில் எழும் என்பதற்குச் சிங்கப்பூர் நல்ல உதாரணம். அங்கே பிடாதாரி என்னும் பழைய கல்லறைத் தோட்டத்தில் இருந்த சுமார் 58,000 கிறிஸ்தவக் கல்லறைகள் 2001ஆம் ஆண்டு முதற்கொண்டு தோண்டி அகற்றப்பட்டன. குடியிருப்புக்கு நிலம் வேண்டியிருந்தது. 1998 முதல் புதிய கல்லறை ஒவ்வொன்றுக்கும் 15 ஆண்டுகளே தவணை. அதன்பின் எச்சத்தை எடுத்துவிட வேண்டும். எனவே, புக்கிட் பாத்தோக்கில் உள்ள புனித மரியன்னை ஆலயம், கம்போங் பாருவில் உள்ள புனித தெரேசாள் ஆலயம் முதலியன தம் வளாகத்திலேயே அஸ்தி மாடங்களை அமைத்துள்ளன. ஞாயிறு பூசை முடிந்ததும் படியிறங்கிச் சென்று தாய் தந்தையர் பெயருக்கு முன் நின்று ஜபம் செய்துவிட்டு வீடு திரும்ப அவர்களுக்கு இயலுகிறது.

நம் நாட்டிலும் முன்மாதிரி இல்லாமற் போகவில்லை. 2020ல் பெருந்தொற்றுக் காலத்தில் ஆலப்புழை லத்தீன் மறைமாவட்டம் ஒரு துணிவான முடிவு செய்தது. அது தாழ்ந்த நிலம். சில அடி தோண்டினாலே நீர் ஊறும். ஆழக் குழி தோண்டி அடக்கம் செய்தல் அங்கே எளிதன்று. ஆகவே, நோயால் இறந்தோரை ஆலயக் கல்லறைத் தோட்டத்திலேயே தகனம் செய்து, அஸ்தியைக் கல்லறையில் அடக்கம் செய்யலாம் என்று அத்தியட்சர் அனுமதித்தார். அவ்வாண்டு ஜூலை மாத இறுதியில் மாராரிக்குளம், காட்டூர் ஆகிய ஊர்களின் ஆலயங்களில் அவ்வாறே நடந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் நமது சென்னையில் நடந்ததையும் மறக்கலாகாது. நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்து அந்நோயாலேயே மாண்ட ஒரு கிறிஸ்தவ மருத்துவரின் தேகத்தைப் புதைக்கவொட்டாமல் ஒரு கும்பல் கல்லெறிந்து விரட்டியது. அவர் விரும்பிய கல்லறைத் தோட்டத்தில் இடம் பெறுவதற்காக அவர் குடும்பத்தார் ஹைக்கோர்ட்டு வரை செல்ல நேர்ந்தது. ஆறடி மண் எவருக்கும் நிச்சயம் என்னும் பழமொழி பொய்த்துப்போன நாள் அது.

இவையெல்லாம் நகரத்துக் கஷ்டங்கள், அன்னவாசலில் நிலத்துக்கு என்ன பஞ்சம் என்று கேட்கலாம். புதுக்கோட்டைச் சீமையில் கிறிஸ்தவம் புதிதன்று. ஆவூர் பெரியநாயகி மாதா கோவில் 18ஆம் நூற்றாண்டிலேயே பெயர் பெற்றது. இச்சீமையிலிருந்து சிங்கப்பூருக்கும் மலேயாவுக்கும் பிழைக்கச் சென்றோர் தலைமுறை தலைமுறையாக உள்ளனர். அவர்களுள் ஒருவன் அங்கே இறந்து தகனம் செய்யப்பட்டானாயின், அவன் பெற்றோரிடம் திரும்பி வருவது ஒரு கலசமே. வளர்ந்த ஒருவனின் அஸ்தி இரண்டு அல்லது மூன்று கிலோ நிறையே இருக்கும். இந்துவாயின் காவேரியிற் கரைப்பார்கள். கிறிஸ்தவனாயின் சபையின் கட்டளைப்படி அதற்கு ஆலயத்தில் இடம் வேண்டும். அப்போது அந்தத் தாய் கலசத்தை ஏந்திக்கொண்டு கல்லறைத் தோட்டத்தின் எந்த வாயிலில் நுழைவாள்?

வாயில் ஒன்றுதானே என்று அறியாதோர் கூறுவர். அறிந்தோர் தலை குனிவர். தமிழ்நாட்டில் ஒரே ஆலயத்தில் நற்கருணை பெற்றோரும் இறந்தபின் வெவ்வேறு கல்லறைத் தோட்டங்களுக்குப் போகின்றனர். சிலவிடங்களில் ஒரே தோட்டத்துள் இரு பகுதிகளாகப் பிரிகின்றனர். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் ஜாதி பிரித்து எழுப்பிய சுவர் நீண்ட காலப் போராட்டத்துக்குக் காரணமாயிற்று. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்து ஆலயத்தினுள்ளேயே ஒரு காலத்தில் ஜாதிக்கென்று தடுப்பு இருந்தது. பாதிரிமார் 1910ல் அதனை இடித்தனர். மீண்டும் கட்டித் தரவேண்டும் என்று மேல்ஜாதியார் சிலர் தொடுத்த வழக்கு மதறாஸ் ஹைக்கோர்ட்டு வரை சென்றும் பலிக்கவில்லை. உயிரோடிருப்போரின் நடுவே நின்ற சுவர் நூறாண்டுக்கு முன்னரே வீழ்ந்தது. செத்தவர் நடுவே இருக்கும் சுவருக்கு மட்டும் ஏன் இத்தனை ஆயுள்? ஜாதியைப் பிணத்தோடு கூடவே புதைத்துவிட வேண்டியிருக்க, அதற்கு மேலே கல் நாட்டிக் காப்பாற்றுகிறோம்!

ஆதலால், அஸ்தி மாடம் என்பது இடப்பஞ்சத்துக்கு மருந்து மட்டுமன்று. பழம்பழியைத் துடைக்கக் கிடைத்த ஒரு சந்தர்ப்பமுமாகும். பழைய தோட்டத்தில் ஒவ்வொரு குழிக்கும் வழக்கம் பேசுவோர் உண்டு; என் பாட்டன் நிலம், என் தெருவார் பகுதி என்று உரிமை கொண்டாடுவோர் உண்டு. புதிதாய்க் கட்டும் சுவருக்குப் பாட்டனும் இல்லை, தெருவும் இல்லை. முதல் நாளிலேயே நேர்மையாகத் தொடங்கினால் நேர்மையே அதன் வழக்கமாகிவிடும்.

அதற்கு நாம் கூறும் விதிகள் சிலவே. மாடங்கள் யாவும் ஒரே அளவாய் இருக்கவேண்டும். இறந்த தேதியின் வரிசைப்படியே இடம் தரவேண்டும். இன்னார் பக்கத்தில் என்றோ, இன்னார் வேண்டாம் என்றோ கேட்பதற்கு இடமளிக்கலாகாது. முகப்பில் ஜாதிப் பட்டம் பொறிக்கலாகாது. ஏழைக்குக் கட்டணம் கூடாது. கண்ணுக்கு நேரான வரிசைக்கு ஒரு விலை, காலடி வரிசைக்கு ஒரு விலை என்னும் வியாபாரம் பிற தேசத்து மாடங்களில் உண்டு. அதனை இங்கே நுழையவிட்டால் ஜாதி போன வாயிலில் பணம் வந்து உட்கார்ந்துகொள்ளும். அடக்கமே வேண்டும் என்போரை எவரும் தகனத்துக்கு வற்புறுத்தலாகாது. இடம் இல்லை என்று காட்டி ஏழைகளை மட்டும் மாடத்துக்கு அனுப்பிவிட்டு, செல்வர்க்கு மண்ணை ஒதுக்கினால் அது பழைய சுவரைப் புதிய சுண்ணாம்பால் பூசியதாகவே முடியும்.

இதனினும் ஒருபடி மேலே செல்ல ரோமாபுரியே வழி திறந்திருக்கிறது. 2023 டிசம்பரில் தந்த விடையில், சபையார் பலரின் அஸ்தியையும் ஒரே புனிதமான இடத்தில் கலந்து வைக்கலாம், ஆனால் ஒவ்வொருவர் பெயரும் அங்கே எழுதப்பட்டு அவர் நினைவு காக்கப்பட வேண்டும் என்று அது அனுமதித்தது. வாசகர் இதனைச் சற்றே எண்ணிப் பார்ப்பாராக. பெயர் அழியவில்லை, ஆனால் சாம்பல் ஒன்றாயிற்று. அந்தக் குவியலில் இது மேலத்தெருச் சாம்பல், இது கீழத்தெருச் சாம்பல் என்று பிரித்துக் காட்டவல்ல பண்டிதர் எவர்? ஒரு தலைமுறை அவ்வாறு கலந்து துயில்வதானால், மறுதலைமுறை உயிரோடு ஒன்றாய் அமர்வதற்குக் கூசாது என்று நாம் நம்புகிறோம்.

கன்னியாகுமரியில் காந்தி மண்டபம் நிற்கிறது. 1948ல் கடலிற் கரைப்பதற்கு முன் மகாத்மாவின் அஸ்திக் கலசத்தை ஜனங்கள் தரிசிக்க வைத்த இடம் அது. அஸ்தி அங்கே இல்லை. ஆயினும் வரும் ஜனங்கள் எந்த ஜாதியாரென்று எவரும் கேட்பதில்லை. அவ்விடத்தில் நிற்கின்றனர், நினைக்கின்றனர், செல்கின்றனர். கரைத்துவிட்ட சாம்பலுக்கே நிற்க ஓர் இடம் தேடிய ஜனங்கள் நாம். கையிலுள்ள சாம்பலுக்கு இடம் கொடுக்கும்போது அதில் கோடு கிழிக்கலாமா?

இது கிறிஸ்தவரின் வீட்டு விஷயம், பிறர் தலையிடுவானேன் என்று எவரும் நம்மைத் தடுக்க வேண்டாம். இடுகாட்டிலும் சுடுகாட்டிலும் தனிப்பாதை வகுக்கும் பாவத்தில் இந்துக்கள் கிறிஸ்தவருக்கு ஆசான்களாய் இருந்தவர்கள். ஆகவே, இந்தப் பழி அனைவருக்கும் பொது, விமோசனமும் பொதுவே. ஆலயம் ஒன்று முன்வந்து நேர்மையாக ஒரு சுவர் எழுப்பட்டும். அதன் பக்கத்து ஊரார் தம் சுடுகாட்டுப் பாதையைத் திரும்பிப் பார்க்கத் தொடங்குவர்.

அன்னவாசற் பொட்டலில் தாழிகள் இன்னும் மண்ணுக்குள் கிடக்கின்றன. உள்ளிருக்கும் எலும்பைக் கொண்டு அவன் எத்தெருவில் வாழ்ந்தான், எவர் கையில் நீர் வாங்கிக் குடிக்க மறுத்தான் என்று இன்று எவராலும் சொல்ல முடியாது. அவனுக்கு அன்புடையார் இருந்தனர், அவர்கள் அவனுக்கு ஓர் இடம் தந்தனர் என்பது மட்டுமே தெரிகிறது. நம்மைப் பற்றியும் பின்வருவோர் அவ்வளவே அறிந்தால் போதுமானது. அதற்குமேல் அவர்கள் ஒரு சுவரையும் கண்டுபிடிப்பாராயின், அது நமக்குப் பெருமையாகாது.