சுவடிகளின் வழியே ஸனதைத் தேடியவர்

ஹதீஸ் பாடம் நடைபெறும் மதரஸாக்களில் ‘ஹத்தஸனா’, ‘அக்பரனா’ என்னும் சொற்கள் ஒலிக்காத நாளே இல்லை. ‘எமக்கு அறிவித்தார்’ என்று பொருள்படும் இச்சொற்களைத் தொடர்ந்து ஆசிரியர், அவருடைய ஆசிரியர், அவருக்கும் ஆசிரியர் என்று பெயர்கள் அடுக்கடுக்காக வந்து, இறுதியில் அண்ணல் நபி (ஸல்) அவர்களைச் சென்றடையும். இஸ்னாத் எனப்படும் இத்தொடர், வாயிலிருந்து செவிக்கு மட்டுமே சென்ற செய்தியின் சங்கிலியா? அன்றி, ஏட்டிலிருந்து ஏட்டிற்குச் சென்ற கல்வியின் சங்கிலியா? ஓதும் மாணவர் பெரும்பாலும் இவ்வினாவை எழுப்புவதில்லை. துருக்கி நாட்டில் பிறந்த ஓர் அறிஞர் எழுப்பினார். அதற்கு விடை காணப் புகுந்த அவருடைய பயணம், முஸ்லிம்களின் அறிவு வரலாறு முழுவதையும் சுவடி சுவடியாகக் கணக்கெடுக்கும் பெரும்பணியாக விரிந்தது. வரலாற்றாசிரியராகவும், ஆராய்ச்சி நிலையம் ஒன்றையும் அதன் நூலகத்தையும் உருவாக்கிய இயக்குநராகவும் விளங்கிய ஃபுஆது ஸெஸ்கின் என்பவரே அவர்.

1924ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள், கிழக்குத் துருக்கியின் பிட்லிஸ் நகரில் அவர் பிறந்தார். உலகம் ஒரு காளையின் கொம்பின்மீது நிற்பதாக முஸ்லிம் அறிஞர்கள் நம்பியிருந்தனர் என்று தம் பள்ளி ஆசிரியர் ஒருவர் கற்பித்ததை முதிய வயதிலும் அவர் நினைவுகூர்ந்து சொல்வதுண்டு. பொறியியல் பயிலும் எண்ணத்துடன் இஸ்தான்புல் வந்த அவ்விளைஞரை, உறவினர் ஒருவர் ஹெல்முட் ரிட்டர் என்னும் ஜெர்மானியப் பேராசிரியரின் வகுப்பிற்கு அழைத்துச் சென்றார். இஸ்தான்புல் நூலகங்களில் உறங்கிக் கிடந்த அரபு, பார்சி ஏடுகளை உலகறியச் செய்தவர்களுள் முதன்மையானவர் ரிட்டர். அன்று கேட்ட உரை அவ்விளைஞரின் வாழ்க்கையைத் திருப்பிவிட்டது. பொறியியல் கைவிடப்பட்டது.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பல்கலைக்கழகம் சில மாதங்கள் மூடப்பட்டது. அவ்விடைவெளியில் அரபு மொழியைக் கற்றுத் தேறுமாறு ரிட்டர் தம் மாணவரைப் பணித்தார். மாணவர் தேர்ந்தெடுத்தது எளிய வாசகப் புத்தகத்தை அன்று. இமாம் தபரி (ரஹ்) அவர்களின் முப்பது பாகத் தஃப்ஸீரை! வீட்டைவிட்டு வெளியே வராமல், நாளொன்றுக்குப் பதினேழு மணி நேரம், துருக்கி மொழியிலிருந்த திருமறை விளக்கங்களோடு ஒப்பிட்டு ஒப்பிட்டு அதனைப் படித்து முடித்ததாக அவரே கூறியுள்ளார். ஆறு மாதம் கழித்து ஆசிரியர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் இஹ்யாவை எடுத்துக் கொடுத்தபோது, நாளிதழைப் படிப்பதுபோல் தடையின்றிப் படித்தாராம். நஹ்வும் ஸர்ஃபும் ஆண்டுக்கணக்கில் ஓதியும் ஒரு பக்கத்தைத் துணிந்து படிக்கத் தயங்குவோர்க்கு இச்செய்தி சற்றே உறுத்தலாக இருக்கக்கூடும்.

முனைவர் பட்டத்திற்கு அவர் எடுத்துக்கொண்ட நூல், பஸரா நகரத்து மொழியறிஞர் அபூ உபைதா மஃமர் இப்னுல் முஸன்னா இயற்றிய மஜாஸுல் குர்ஆன். திருமறைச் சொற்களுக்குப் பொருள் கூறும் மிகப் பழைய நூல்களுள் ஒன்று அது. அதனைப் பதிப்பிக்கும் பணியில் ஈடுபட்டிருந்தபோதுதான் அவர் கண்ணில் ஒரு செய்தி பட்டது. இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தம் ஸஹீஹ் நூலின் தஃப்ஸீர்ப் பகுதியில் சொற்பொருள் தரும் இடங்கள் பலவற்றில், அபூ உபைதாவின் வாசகங்கள் அப்படியே இடம் பெற்றிருந்தன. சில இடங்களில் மஃமர் என்ற பெயரும் சுட்டப்பட்டிருந்தது. அப்படியாயின் இமாமவர்களின் கையருகே நூல்கள் இருந்திருக்கின்றன. ஏனைய பகுதிகளுக்கும் ஏட்டு வடிவில் மூலங்கள் இருந்திருக்க வேண்டும் அல்லவா? இவ்வினாவிலிருந்து பிறந்ததே புகாரியின் மூலங்கள் குறித்து 1956இல் அவர் வெளியிட்ட ஆய்வு நூல்.

இதன் அருமையை உணர வேண்டுமாயின் அக்காலத்து மேனாட்டார் கருத்தையும் அறிந்திருத்தல் வேண்டும். 1890இல் வெளியான நூலொன்றில் கோல்ட்ஸிஹர் என்னும் ஹங்கேரி நாட்டு அறிஞர், ஹதீஸ்களில் பெரும்பகுதி பிற்காலத்துச் சர்ச்சைகளின் விளைவே என்று வாதித்தார். ஹதீஸ்கள் நெடுங்காலம் வாய்மொழியாகவே உலவி, காலந்தாழ்ந்தே நூல்வடிவம் பெற்றன என்ற எண்ணமும் அவருக்குப் பின் மேனாட்டுக் கல்விக்கூடங்களில் வேரூன்றியது. நம்மவர் பலர் இதற்கு மறுப்பாகக் கோபத்தையே வெளிப்படுத்தினர். ஸெஸ்கின் உஸூலுல் ஹதீஸ் நூல்களைத் திறந்தார்.

கல்வியை ஏற்றுக்கொள்ளும் முறைகள் எட்டு என்று அக்கலையில் ஓதுகிறோம். ஆசிரியர் சொல்லக் கேட்பது ஸமாஉ. ஆசிரியர் முன்னிலையில் மாணவர் படித்துக் காட்டுவது கிராஅத். அறிவிக்க அனுமதி பெறுவது இஜாஸத். ஆசிரியர் தம் ஏட்டையே கையில் கொடுப்பது முனாவலா. எழுதி அனுப்புவது கிதாபத். இது தாம் கேட்ட நூல் என்று தெரிவிப்பது இஃலாம். இறக்கும்போது நூலை ஒருவர்க்கு விட்டுச் செல்வது வஸிய்யத். ஒருவரின் கையெழுத்துப் பிரதியைக் கண்டெடுப்பது விஜாதா. இவற்றை ஒன்றன்பின் ஒன்றாக நோக்குங்கள். படித்துக் காட்டுவதற்கு ஏடு வேண்டும். கையளிப்பதற்கு ஏடு வேண்டும். கண்டெடுப்பதற்கோ ஏடன்றி வேறு எதுவுமே இல்லை. ஸமாஉ என்னும் முதல் முறையிலுங்கூட ஆசிரியர் தம் ஏட்டைப் பார்த்துச் சொல்ல மாணவர் எழுதிக்கொள்வது பெருவழக்காக இருந்தது. ஆகவே ‘ஹத்தஸனா’ என்ற சொல்லைக் கண்டதும் ஏடே இல்லை என்று முடிவு கட்டுதல் அக்கலையின் மரபை அறியாதார் செய்யும் பிழை என்பது ஸெஸ்கினின் வாதம். நாம் மனனம் செய்து ஒப்புவித்த பாடத்தையே அவர் ஆதாரமாக்கினார்.

அதோடு அவர் நின்றுவிடவில்லை. ஒரு நூலிலுள்ள இஸ்னாத்களையெல்லாம் தனித்தனிச் சீட்டுகளில் எழுதி, நூலாசிரியருக்கு மிக அண்மையிலுள்ள பெயரிலிருந்து தொடங்கி வரிசைப்படுத்த வேண்டும். பல தொடர்கள் ஒரே பெயர்வரை ஒன்றாகச் சென்று, அதற்கப்பால் பலவாகப் பிரியுமாயின், அப்பெயருக்குரியவரே மூலநூலின் ஆசிரியர் என்று கொள்ளலாம். இம்முறையால், காணாமற்போன தொன்னூல்கள் பலவற்றின் அடையாளத்தை மீட்கலாம் என்றார். ஹைதராபாத்தைச் சேர்ந்த அறிஞர் முஹம்மது ஹமீதுல்லாஹ், அபூஹுரைரா (ரலி) அவர்களின் மாணவர் ஹம்மாம் இப்னு முனப்பிஹ் தொகுத்த ஸஹீஃபாவை 1953இல் பதிப்பித்திருந்ததும் இங்கு எண்ணத்தக்கது. அந்தச் சிற்றேட்டின் ஹதீஸ்கள் இமாம் அஹ்மது (ரஹ்) அவர்களின் முஸ்னதில் ஏறத்தாழச் சொல்மாறாமல் காணப்படுகின்றன.

ஸெஸ்கினின் முடிவுகளை எல்லாரும் முழுமையாக ஏற்றனர் என்று சொல்வதற்கில்லை. அவர் மூலநூல் என்று குறித்தவற்றுள் பல, நிறைவு பெற்ற நூல்களாக இராமல் பாடக்குறிப்புகளாக இருந்திருக்கலாம் என்று பின்வந்த ஆய்வாளர் கூறினர். அது நியாயமான திருத்தமாகவே தோன்றுகிறது. ஆயினும் பாடக்குறிப்பும் ஏட்டில் எழுதப்பட்டதுதானே.

1960ஆம் ஆண்டு மே மாதம் துருக்கியில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. அவ்வாண்டே பல்கலைக்கழக ஆசிரியர்கள் 147 பேர் பதவி நீக்கப்பட்டனர். அப்பட்டியலில் தம் பெயரும் இருப்பதை ஸெஸ்கின் செய்தித்தாளைப் பார்த்தே அறிந்தார். பிற நாடுகளிலிருந்த நண்பர்களுக்குக் கடிதம் எழுதினார். ஜெர்மனியின் ஃபிராங்க்பர்ட் நகரிலிருந்து அழைப்பு வந்தது. 1961இல் ஒரே ஒரு பெட்டியுடன் தாயகத்தை விட்டுப் புறப்பட்டார். இந்த அநீதியை நினைத்துப் புழுங்கிக் காலம் கழித்திருந்தால் எவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். ஆனால் ஃபிராங்க்பர்ட் பல்கலைக்கழகத்தில் மீண்டும் கீழ்ப்படியிலிருந்து தொடங்கி, ஜாபிர் இப்னு ஹய்யானைப் பற்றிய ஆய்வொன்றை அளித்துத் தகுதி பெற்று, பேராசிரியரானார். கீழைக்கலை பயின்ற உர்சுலா என்னும் ஜெர்மானிய அம்மையார் அவருடைய வாழ்க்கைத் துணைவியாகவும் ஆய்வுத் துணைவியாகவும் அமைந்தார்.

1967இல் வெளிவந்தது ‘அரபு எழுத்துலகின் வரலாறு’ என்னும் பெருநூலின் முதற்பாகம். புரொக்கெல்மன் என்னும் ஜெர்மானியர் 1898 முதல் வெளியிட்ட அரபு இலக்கிய வரலாறே அதுவரை ஆராய்ச்சியாளர்க்குக் கைவிளக்காக இருந்தது. ஆனால் இஸ்தான்புல் நூலகங்களின் செல்வத்தில் பெரும்பகுதி அவர் கண்ணுக்கு எட்டவில்லை. அக்குறையைப் போக்க ஓர் இணைப்பு எழுதுவோம் என்று தொடங்கிய ஸெஸ்கின், முற்றிலும் புதிய நூலையே எழுதலானார். ஹிஜ்ரி 430 வரை வாழ்ந்த ஆசிரியர்களையே எல்லையாகக் கொண்ட பாகங்கள் பல. ஒவ்வொருவருக்கும் வாழ்க்கைக் குறிப்பு, எழுதிய நூல்கள், அவற்றின் பிரதிகள் எந்நாட்டில், எந்நூலகத்தில், எந்த எண்ணில் உள்ளன, எத்தனை ஏடுகள், எந்த நூற்றாண்டில் எழுதப்பட்டவை என்ற விவரங்கள். முதற்பாகத்தில் குர்ஆன் கலைகள், ஹதீஸ், வரலாறு, ஃபிக்ஹு, அகீதா, தஸவ்வுஃப் ஆகியன. அடுத்தடுத்த பாகங்களில் மருத்துவம், இரசவாதம், கணிதம், வானியல், இலக்கணம், நிலநூல். மொத்தம் 17 பாகங்கள் அவர் வாழ்நாளில் வெளிவந்தன.

நம் மேடைகளில் சிலர் இப்னு ஸீனா, அல்பீரூனி, இப்னுல் ஹைஸம் என்று பத்துப் பெயர்களை அடுக்கி, ‘எல்லாம் நாம் கொடுத்தது’ என்று முழங்கி அமர்வதுண்டு. அவர்களுள் அல்பீரூனியின் ஒரு நூலையேனும் அட்டை பிரித்துப் பார்த்தவர் எத்தனை பேர் என்று கேட்டால் சபை அமைதியாகிவிடும். ஸெஸ்கின் அதே பெயர்களைத்தான் சொன்னார். கூடவே சுவடியின் எண்ணையும் சொன்னார்.

1979இல் இஸ்லாமியக் கல்விக்கான மன்னர் ஃபைஸல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாக, அரபு நாடுகள் பலவற்றின் நன்கொடையையும் திரட்டி, 1982இல் ஃபிராங்க்பர்ட் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து அரபு-இஸ்லாமிய அறிவியல் வரலாற்று ஆராய்ச்சி நிலையத்தை நிறுவி அதன் இயக்குநரானார். சுவடிகளின் நேர்ப்படிகளும், கிடைத்தற்கரிய பழைய ஆய்வுகளின் மறுபதிப்புகளுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொகுதிகள் அங்கிருந்து வெளிவந்தன. அவர் தேடித்தேடிச் சேர்த்த நூலகம் இத்துறைக்கு ஈடிணையற்றதாக வளர்ந்தது. இன்னொரு புதுமையும் செய்தார். அல்ஜஸரியின் பொறிகள், வானாய்வுக் கருவிகள், அறுவை மருத்துவக் கருவிகள் முதலியவற்றை, நூல்களில் உள்ள வருணனைகளையும் வரைபடங்களையும் கொண்டு கைவினைஞர்களைக் கொண்டு செய்வித்தார். ஏறக்குறைய 800 கருவிகள் இவ்வாறு உருப்பெற்று, அங்கேயே காட்சிக்கு வைக்கப்பட்டன.

அவருடைய முதுமைக்கால எழுத்துகள் சிலவற்றில் அன்பு ஆராய்ச்சியை முந்திவிட்டதோ என்ற ஐயம் எழுகிறது. கொலம்பஸுக்கு முன்னரே முஸ்லிம் மாலுமிகள் அமெரிக்காவை அடைந்திருந்தனர் என்று நிலப்படங்களை வைத்து அவர் வாதித்ததை வரலாற்றாசிரியர் பெரும்பாலோர் ஏற்கவில்லை. நம் இதழ்கள் சில இந்த ஒரு செய்தியை மட்டும் பிடித்துக்கொண்டு கொட்டி முழக்கியதும், பதினேழு பாகங்களைப் பற்றி வாய்திறவாததும் வருந்தத்தக்கன.

வெளியேற்றிய நாடு பின்னர் அவரை வரவேற்றது. 2008இல் இஸ்தான்புல் குல்ஹானே பூங்காவில், அவருடைய முயற்சியால் இஸ்லாமிய அறிவியல், தொழில்நுட்ப வரலாற்று அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. 2018ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள், தமது 93ஆம் வயதில் இஸ்தான்புல்லில் அவர் காலமானார். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். சுலைமானிய்யா பள்ளிவாசலில் ஜனாஸாத் தொழுகை நடைபெற்று, குல்ஹானே பூங்காவிலேயே நல்லடக்கம் செய்யப்பட்டார். பதினெட்டாம் பாகத்தின் பணி முடியவில்லை. 2019ஆம் ஆண்டைத் துருக்கி அரசு அவர் பெயரால் கொண்டாடியது.

ஆனால் அவர் வாழ்வின் இறுதியில் ஒரு துயரமும் சேர்ந்தது. தாம் சேர்த்த நூல்களை இஸ்தான்புல்லுக்குக் கொண்டுசெல்ல அவர் முயன்றபோது, 2017இல் ஜெர்மானிய அதிகாரிகள் தடுத்து நிறுத்தினர். அவை தம் உடைமை என்றார் அவர். நிலையத்திற்கும் நாட்டிற்கும் உரிய பண்பாட்டுச் செல்வம் என்றனர் மறுதரப்பார். வழக்கு எத்தரப்பில் நியாயம் உடையது என்பது ஒருபுறமிருக்க, ஐம்பதாண்டுக்கு மேலாகத் தம் கையால் ஒவ்வொன்றாக வாங்கி அடுக்கிய நூல்களைத் தாமே அணுக இயலாத நிலை தொண்ணூறு கடந்த முதியவருக்கு எத்தகையதாயிருக்கும்! தீர்வைக் காணாமலே அவர் கண்மூடினார்.

அப்பெருநூலின் பாகங்கள் சில ‘தாரீகுத் துராஸில் அரபி’ என்னும் பெயரால் ரியாதிலுள்ள இமாம் முஹம்மது இப்னு ஸுஊத் பல்கலைக்கழகத்தின் வாயிலாக அரபு மொழியில் வெளிவந்துள்ளன. ஜெர்மன் மொழி அறியாத நம் மதரஸா மாணவர்களும் அவற்றைப் படிக்கலாம். ஹதீஸ் பகுதியின் முன்னுரையில்தான் எட்டு முறைகளைப் பற்றிய அந்த வாதம் இடம் பெற்றிருக்கிறது. ஸஹீஹுல் புகாரி ஓதத் தொடங்கும் ஆண்டிலேயே அதனைப் படிப்பது நன்று.