செஞ்சிக் கோடையில் ஒரு கிண்ணம் காப்பி ஐஸ்கிரீம்

கோடை பிறந்துவிட்டால், செஞ்சி நகரைச் சூழ்ந்து நிற்கும் இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று மலைகளும் அடுப்பிலேற்றிய கல்லெனக் காய்கின்றன. கோட்டையை ஆண்ட முன்னோரும் இவ்வெப்பத்தை அறிந்தே இருந்தனர். குளங்கள் வெட்டினர்; கல்யாண மகாலின் மேல்மாடத்துக்கு மண்குழாய் வழியே நீர் கொணர்ந்தனர். 2025-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்ட மராட்டியர் காலத்துப் பன்னிரண்டு கோட்டைகளுள் தமிழ்நாட்டுக்குரியது இது ஒன்றே. மலையேறி இறங்கும் குடும்பத்தினர் இன்று நாடுவது குளத்தையன்று, கடைவீதியின் குளிர்பெட்டியையே. அப்பெட்டியில் வெனிலாவுக்கும் சாக்லேட்டுக்கும் அருகே புதிதாக இடம் பிடித்திருந்த காப்பி ஐஸ்கிரீமை நாமும் வாங்கிச் சுவைத்தோம்.

காப்பி, பனிக்கட்டி இரண்டுமே நம் இல்லங்களுக்குப் பிந்தி வந்த விருந்தாளிகள். சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் 1820-களில் ஏர்க்காட்டில் காப்பி பயிரிடச் செய்தார். அமெரிக்காவின் பாஸ்டன் நகர வணிகர் பிரடெரிக் டூடர், குளிர்காலத்தில் ஏரிகளில் உறைந்த பனியை வெட்டி, மரத்தூளில் பொதிந்து, 1833-இல் கல்கத்தாவுக்குக் கப்பலேற்றினார். பின்னர் சென்னைக்கும் அது வந்தது. அதனைச் சேமிக்க 1842-இல் எழுந்த ஐஸ் ஹவுஸ், இன்று விவேகானந்தர் இல்லமாகக் கடற்கரையில் நிற்கிறது.

புதுமைக்கு எங்கும் முதல் வரவேற்பு ஐயமே. காப்பி நம் அடுக்களைக்குள் நுழைந்தபோது பெரியோர் பலர் அதனைக் கெட்ட பழக்கமெனக் கடிந்தனர். ஐரோப்பாவிலும் அதனை விலக்க வேண்டுமென்று சிலர் எட்டாம் கிளமெந்து பாப்பரசரிடம் முறையிட்டதாகவும், அவரோ ஒரு வாய் அருந்தி மகிழ்ந்து அனுமதி அளித்ததாகவும் ஒரு செவிவழிக் கதை உண்டு. கதை மெய்யோ பொய்யோ, அதன் பாடம் நன்று: சுவைத்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்!

நாம் சுவைத்ததில், முதற்கரண்டி வெறுங் குளிர்ச்சியாகவே நாவில் பட்டது. காப்பியின் மணத்தைக் காணோம். சற்றே உருகிய பின்னர்தான் மணம் எழுந்தது, அதன்பின் இனிப்பு, கடைசியில் தொண்டையருகே இனிய கசப்பு. இதற்குக் காரணம் உண்டு. மணம் என்பது ஆவியாகி மூக்கை அடைவது. கடுங்குளிரில் அது எளிதில் எழும்புவதில்லை. குளிர்ந்த நாவும் இனிப்பைக் குறைவாகவே உணர்கிறது. எனவே செய்வோர் சர்க்கரையைத் தாராளமாகச் சேர்க்கின்றனர். உருகிய ஐஸ்கிரீம் திகட்டுவது அதனாலேயே. ஆகவே, கிண்ணத்தைத் திறந்தவுடன் அவசரப்படாமல் இரண்டொரு நிமிடம் பொறுத்து உண்பதே சிறப்பு. கரண்டியில் மணல்போல் நறநறவென்று பனித்துகள் தட்டுப்பட்டால், இடையில் உருகி மீண்டும் உறைந்ததென ஐயுறலாம். அதனைத் தவிர்ப்பதே நலம்.

சுவையினும் பெரிய செய்தி உறையின்மேல் அச்சிட்டிருக்கிறது. ஐஸ்கிரீம் என்னும் பெயரைத் தாங்குவதில் குறைந்தது 10 விழுக்காடு பாற்கொழுப்பு இருத்தல் வேண்டுமென்பது நம் நாட்டு உணவுச் சட்டம். அதே குளிர்பெட்டியில், அதே நிறத்தில், ‘ஃப்ரோசன் டெசர்ட்’ என்னும் மற்றொன்றும் இருக்கும். அதில் பாற்கொழுப்புக்கு மாற்றாகத் தாவர எண்ணெய் சேர்ந்திருக்கும். அதனை விற்பது குற்றமன்று. ஆனால் இன்னதென்று அறியாமல் வாங்குவது நமக்கு இழப்பு. காற்றையும் மறவாதீர்கள். ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் குறைந்தது 525 கிராம் எடையிருந்தால் போதும் என்கிறது சட்டம். எஞ்சிய இடத்தில் காற்றே மிகுதி! எனவே அளவை மட்டும் பாராமல், எடை குறித்திருந்தால் அதனையும் பாருங்கள்.

இதில் நம் ஊர்களின் வாழ்வும் அடங்கியுள்ளது. செஞ்சியைச் சுற்றிய சிற்றூர்களில் நெல்லும் நிலக்கடலையும் மழையை நம்பி நிற்க, கறவை மாட்டின் பாலே பல வீடுகளில் அன்றாடச் செலவுக்குக் கைகொடுக்கிறது. விடியுமுன் எழுந்து பால் கறக்கும் தாயின் உழைப்பு, பாலில் செய்த ஒவ்வொரு கிண்ணத்திலும் கலந்திருக்கிறது. இரண்டில் எதை வாங்குகிறோம் என்பது அவர்களுக்கும் சிறிய காரியமன்று.

பெற்றோருக்கு ஒரு சொல். காப்பியின் கஃபீன், ஐஸ்கிரீமானதும் மறைந்துவிடுவதில்லை. ஒரு குவளைக் காப்பியினும் குறைவே. எனினும் சிறு குழந்தைகளுக்கு இதனைத் தவிர்த்தலே நன்று. வளர்ந்த பிள்ளைகளுக்கும் பகலில் கொடுங்கள், இரவில் வேண்டாம்.

வீட்டில் செய்ய விரும்புவோர், அரை லிட்டர் பாலைப் பாதியாகச் சுண்டக் காய்ச்சிச் சர்க்கரை கலந்து, ஆறியபின் மூன்று மேசைக்கரண்டி கெட்டியான டிகாக்ஷன் சேர்த்து, மூடியுள்ள தூக்கில் ஊற்றுங்கள். பெரிய பாத்திரமொன்றில் மூன்று பங்கு உடைத்த பனிக்கட்டியும் ஒரு பங்கு கல்லுப்பும் இட்டு, அதனுள் தூக்கை வைத்துச் சுழற்றுங்கள். உப்புச் சேர்ந்த பனிக்கட்டி, நீர் உறையும் நிலைக்கும் கீழே குளிர்வதால் பால் உறையத் தொடங்கும். இடையிடையே மூடியைத் திறந்து கிளறினால் பனித்துகள் பெரிதாகாமல் மென்மையாகும். உப்புநீர் உள்ளே புகாமல் மட்டும் காத்துக்கொள்ளுங்கள்.

காப்பி ஐஸ்கிரீம் நம் மேசைக்கு வரட்டும், தடையில்லை. கோட்டையடியில் வாங்கி உண்போர், வெற்றுக் கிண்ணத்தை முன்னோர் கட்டிய மதிலடியில் வீசாமல் குப்பைத்தொட்டியில் இடட்டும். உறையைப் படித்து வாங்கி, உள்ளதைப் பகிர்ந்துண்ணும் வீட்டில் ஒரு சிறு கிண்ணமும் விருந்தே.